வீட்டு மீன் தொட்டிக்கு எந்த பில்டர்? அளவெடுப்பதிலிருந்து பராமரிப்பு வரை முழு வழிகாட்டி

கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் மீன் சாகும். புதிதாகத் தொட்டி வைத்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். பில்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தண்ணீரில் ஒரு தூசு இல்லை, ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, மறுநாள் ஒன்று மிதக்கிறது. மீன் சரியில்லை என்பார்கள், தண்ணீர் சரியில்லை என்பார்கள், கண் பட்டுவிட்டது என்றுகூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் காரணம் அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது.

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதோடு கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகும்போது இன்னும் சேரும். குளத்தில் அது பரவிக் கரைந்துவிடும், மண்ணும் செடியும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்ளும். நம் வீட்டு இரண்டடித் தொட்டியில் போக்கிடம் கிடையாது. இங்கேதான் பில்டர் வருகிறது. அதற்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது ஓரளவு சேரும்வரை தாங்கிக்கொள்ளும். அதை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி நாம்தான் வெளியேற்ற வேண்டும், சாதாரண பில்டர் எதுவும் அதைச் செய்யாது.

ஆகவே பில்டர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, அந்த பாக்டீரியாவுக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 'மணிக்கு 800 லிட்டர்' எல்லாம் அதற்கப்புறம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தை ஒட்டியே போகும்.

படி 1: தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

நம் ஊர்க் கடைகளில் தொட்டியை அடிக்கணக்கில்தான் விற்கிறார்கள், பில்டர் பெட்டியில் லிட்டர் கணக்கு இருக்கிறது, இந்த இடத்திலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். கணக்கு சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர். சென்டிமீட்டரில் அளந்தால் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 24க்கு 12க்கு 15 அங்குலத் தொட்டி என்றால் 4320 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 71 லிட்டர். மேலே இரண்டு விரல் இடைவெளி, கீழே கல், நடுவில் மரக்கட்டை என்று கழித்தால் நிற்கும் தண்ணீர் 60 லிட்டர்தான் இருக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர், அதில் தண்ணீர் 160 சொச்சம்.

சந்தேகமாக இருந்தால் முதல் முறை நிரப்பும்போது 15 லிட்டர் பக்கெட்டில் எண்ணி ஊற்றுங்கள். அந்த எண்ணைத் தொட்டியின் பின்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால் மருந்து போடும் நாளிலும் உதவும்.

படி 2: என்ன மீன், எவ்வளவு தீனி?

ஒரே 60 லிட்டர் தொட்டியில் பத்து நியான் டெட்ரா இருப்பதும் நான்கு கோல்டுபிஷ் இருப்பதும் ஒன்றல்ல. கோல்டுபிஷ் ஓயாமல் தின்று ஓயாமல் கழிக்கும் மீன், அதற்கு அந்தத் தொட்டியே போதாது. அம்மோனியாவின் அளவைத் தீர்மானிப்பது தீனிதான், முக்கியமாகத் தீனியில் உள்ள புரதம். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போகும் தொட்டியும், பிளவர்ஹார்ன், ஆஸ்கர் மாதிரி மீனுக்குக் கை நிறையப் பெல்லட் போகும் தொட்டியும் ஒரே அளவில் இருந்தாலும் பில்டர் ஒன்றாக இருக்கவே முடியாது.

மீன் குணத்தையும் பார்க்க வேண்டும். பெட்டா என்கிற பைட்டர் மீனின் துடுப்பு பாவாடை மாதிரி விரிந்திருக்கும், வேகமான ஓட்டத்தில் அது நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும். மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் அதற்கு பில்டரே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், அது தவறு, அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதையே சுடும். கப்பியும் மோலியும் குட்டி போடும், திறந்த உறிஞ்சுகுழாய் இருந்தால் குட்டி எல்லாம் பில்டருக்குள் போய்விடும். இறாலுக்கும் இதே கதைதான்.

உங்கள் வீட்டுத் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7 உள்ள தண்ணீரில், 28 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பிஎச் 8 ஆனால் அது ஆறரை விழுக்காடு, ஒன்பது மடங்குக்கும் மேல். சென்னையில் போர் தண்ணீர் பயன்படுத்தும் பல வீடுகளில் தண்ணீர் கடினமாகவும் காரப்பக்கம் சாய்ந்தும் இருக்கும், அங்கே பில்டர் சிறிதாக இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. ஆனால் அதே கடினத் தண்ணீரில் ஒரு நல்லதும் இருக்கிறது. பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும், போர் தண்ணீரில் அதற்குப் போதிய கையிருப்பு உண்டு. 'சுத்தமான தண்ணீர்' என்று நினைத்து முழுக்க முழுக்க ஆர்ஓ தண்ணீரை ஊற்றும் வீடுகளில் அந்தக் கையிருப்பு கிடையாது, சில வாரங்களில் பிஎச் சடாரென்று இறங்கிவிடும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும்.

படி 3: ஓட்டக் கணக்கு, பெட்டியை அப்படியே நம்பாமல்

தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் நான்கிலிருந்து ஆறு முறை பில்டர் வழியாகப் போய் வர வேண்டும் என்பது பொதுவாக எல்லாரும் சொல்லும் கணக்கு. 60 லிட்டர் தண்ணீருக்கு 240 முதல் 360 லிட்டர். கோல்டுபிஷ், ஆஸ்கர் வகையறாவுக்கு எட்டு முறைகூடப் போகலாம், பெட்டாவுக்கு இரண்டு மூன்றே போதும்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண், உள்ளே ஸ்பாஞ்சோ வளையமோ எதுவும் இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றும் வேலையும் இல்லாமல், வெறும் மோட்டார் தள்ளும் அளவு. ஸ்பாஞ்ச் வைத்து, அதில் இரண்டு வாரம் அழுக்கும் பிடித்த பிறகு அது பாதியாகக்கூட இறங்கும். அதனால் 300 வேண்டுமென்றால் 500, 600 என்று போட்டிருப்பதைப் பார்ப்பேன். தண்ணீர் வெளியே வந்து விழும் பில்டர் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் நீங்களே அளந்துவிடலாம்: அது வெளியே விடும் தண்ணீரை ஒரு லிட்டர் குவளையில் பிடித்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள், 3600ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு இத்தனை லிட்டர். 12 விநாடி என்றால் 300 லிட்டர்.

ஓட்டம் மட்டுமே பில்டரைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜெர்மனியின் ஈஹைம் நிறுவனத்தின் 2213 என்ற பழைய கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா வகை) மணிக்கு 440 லிட்டர்தான் தள்ளும், எடுக்கும் மின்சாரம் 8 வாட், ஆனால் 250 லிட்டர் தொட்டி வரைக்கும் அதைச் சொல்கிறார்கள். மணிக்கு இரண்டு முறைகூடத் தண்ணீர் சுற்றாது. அப்படியும் உலகம் முழுக்க அதை வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள் என்றால் காரணம் உள்ளே மீடியாவுக்கு, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரும் ஸ்பாஞ்ச், வளையம் போன்றவற்றுக்கு, மூன்று லிட்டர் இடம் இருப்பதுதான். நம் கடைகளில் கிடைக்கும், தொட்டிக்குள் மூழ்கி நிற்கும் சின்ன இன்டர்னல் பில்டர்களில் 800 லிட்டர் என்று எழுதியிருக்கும், கழற்றிப் பார்த்தால் உள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கும், அரை லிட்டர்கூடத் தேறாது. தண்ணீர் சுழலும், தொட்டி பார்க்க நன்றாக இருக்கும், பாக்டீரியாவுக்கு வீடு மட்டும் இருக்காது.

நான் எனக்காக வைத்திருக்கும் அளவு இது: சாதாரணமாக மீன் விட்ட தொட்டிக்கு ஒவ்வொரு 50 லிட்டருக்கும் ஒரு லிட்டர் மீடியா இடம், அதிகம் தின்னும் மீன் என்றால் இரண்டு மடங்கு. விஞ்ஞான விதி இல்லை, அனுபவத்தில் கைகொடுத்த கணக்கு.

படி 4: எந்த வகை?

ஸ்பாஞ்ச் பில்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதுதான் விலை குறைவு, இதைத்தான் ஆட்கள் மதிப்பதில்லை. ஒரு ஸ்பாஞ்ச், நடுவில் ஒரு குழாய், வெளியே ஒரு ஏர் பம்ப், அவ்வளவுதான். குழாய்க்குள் காற்றுக்குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துப் போகும், அந்த இழுப்பில் சுற்றிலும் உள்ள தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக உள்ளே வரும். ஸ்பாஞ்ச் முழுவதுமே பாக்டீரியா குடியிருப்பு. குட்டி மாட்டாது, இறால் மாட்டாது, பெட்டாவுக்கு ஓட்டம் தொந்தரவு தராது, ஆக்ஸிஜனும் சேர்கிறது. சென்னை கொளத்தூர் பக்கம் அலங்கார மீன் வளர்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே வரிசையாக இருக்கும் தொட்டிகளில் ஒரே பெரிய காற்று மோட்டாரிலிருந்து குழாய் பிரித்து ஸ்பாஞ்ச் போட்டிருப்பதைப் பார்க்கலாம். பிழைப்பே மீன் என்று இருப்பவர்கள் நம்புவதை வீட்டில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் தொட்டிக்குள் கறுப்பாக ஒன்று நிற்கும், பம்ப் உர்ரென்று சத்தம் போடும், மிதக்கும் தூசை அவ்வளவாகப் பிடிக்காது. 60 லிட்டர் வரைக்கும், பெரிய மீன் இல்லையென்றால், நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு ஸ்பாஞ்ச் வைத்துவிட்டால் இன்னும் நல்லது, ஒரு வாரம் ஒன்றைக் கழுவலாம், இன்னொரு வாரம் மற்றதை.

இன்டர்னல் பில்டர், தொட்டிக்குள் மூழ்கி ரப்பர் கப்பில் ஒட்டி நிற்கும் மோட்டார் வகை. ஓட்டத்துக்கும் மிதக்கும் தூசைப் பிடிக்கவும் நன்று. அதை மட்டும் நம்பி மீன் விடாதீர்கள், ஸ்பாஞ்ச் பில்டருக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாப் பில்டர் நம் ஊரில் ரொம்பப் பழக்கமானது. தொட்டியின் மேல் ஒரு நீளமான பெட்டி, உள்ளிருக்கும் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், பெட்டியில் உள்ள பஞ்சு, ஸ்பாஞ்ச், வளையம் வழியாக இறங்கித் திரும்பத் தொட்டிக்குள் விழும். பார்வைக்கு அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு. மூடியைத் தூக்கினால் எல்லாம் கையில் இருக்கிறது, கழுவ இரண்டு நிமிடம், காசு குறைவு, தண்ணீர் காற்றோடு கலந்து விழுவதால் ஆக்ஸிஜன் நிறைய. கோல்டுபிஷ்ஷுக்கும் பிளவர்ஹார்னுக்கும் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு மீடியா தரும் பில்டர் கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல பெட்டிகளில் தண்ணீர் மீடியா வழியாகப் போகாமல் ஓரமாக வழிந்து தப்பித்துவிடும். ஸ்பாஞ்சைப் பெட்டியின் அகலத்துக்குக் கச்சிதமாக, கொஞ்சம் பெரிதாகவே வெட்டி இறுக்கி வையுங்கள். அந்த ஒரு வேலை பில்டரின் திறனையே மாற்றிவிடும்.

தொட்டியின் பின்சுவரில் தொங்கும் ஹேங் ஆன் வகை, இரண்டடி செடித்தொட்டிக்கு அழகாகப் பொருந்தும், சத்தமும் குறைவு. உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சின்ன ஸ்பாஞ்சைக் கட்டாயம் மாட்டுங்கள். கடைக்காரர் 'மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ் (பில்டரோடு வரும் பஞ்சுத் தகடு) மாற்றுங்கள்' என்பார். அதைக் கேட்காதீர்கள், மாதாமாதம் பாக்டீரியாவைக் குப்பையில் போடும் வேலை அது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையத்தையும் நிரப்பிவிட்டால் வருடக்கணக்கில் ஓடும்.

கேனிஸ்டர், மூன்றடிக்கு மேற்பட்ட தொட்டிக்கு, அல்லது கார்பன் டை ஆக்சைடு கொடுத்து வளர்க்கும் செடித்தொட்டிக்கு. ஸ்டாண்டுக்குக் கீழே மறைவாக நிற்கும், உள்ளே மூன்று நான்கு தட்டு நிறைய மீடியா வைக்கலாம், மேற்பரப்பை அதிகம் கலக்காததால் கொடுத்த வாயு வீணாகாது. கீழே இருப்பதால் மோட்டார் தண்ணீரை நான்கடி தூக்க வேண்டுமே என்று கேட்பார்கள். அப்படி இல்லை, இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் இரண்டுமே தண்ணீர் நிறைந்து இருப்பதால் அந்த எடை ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும், குழாயின் உராய்வும் மீடியாவின் தடையும்தான் மிச்சம். ஆனால் கழுவ வேண்டுமென்றால் வால்வை மூடி, குழாயைப் பிரித்து, வாளியில் தூக்கிப்போய், திரும்பக் காற்று இல்லாமல் நிரப்பி என்று அரை மணி நேர வேலை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் உள்ளே சேறாக்கிவிடுகிறார்கள். உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அதை வைத்து முடிவெடுங்கள்.

சம்ப், அதாவது தண்ணீர் கீழே உள்ள இன்னொரு தொட்டிக்கு வழிந்து, அங்கே மீடியா வழியாகப் போய், மோட்டாரால் திரும்ப மேலே ஏறும் வகை, பற்றிச் சுருக்கமாக: நான்கடிக்கு மேல், பெரிய மீன், கீழே இன்னொரு தொட்டி வைக்க இடம் இருந்தால் அதற்கு இணை இல்லை. அங்கே மோட்டார் நிஜமாகவே தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும் என்பதால் அத்தனை அடி உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் மேலிருந்து வழியும் தண்ணீரைப் பிடிக்கக் கீழே காலி இடமும் வேண்டும். கல்லுக்கடியில் தட்டு போடும் பழைய அண்டர் கிராவல் வகை வேலை செய்யும்தான், ஆனால் கல்லுக்குள் சேரும் அழுக்கை வாராவாரம் உறிஞ்சி எடுக்காவிட்டால் எதிர்வேலை செய்யும். மணல் போட்ட தொட்டிக்கு ஆகாது.

படி 5: உள்ளே என்ன நிரப்புவது, எந்த வரிசையில்?

தண்ணீர் முதலில் தொடும் இடத்தில் பெரிய துளை உள்ள ஸ்பாஞ்ச், அப்புறம் நடுத்தர ஸ்பாஞ்ச், அப்புறம் செராமிக் வளையமோ எரிமலைக்கல்லோ, கடைசியில் விரும்பினால் வெள்ளைப் பஞ்சு. அழுக்கை முன்னாலேயே பிடித்துவிட்டால்தான் வளையத்தின் நுண்துளைகள் அடையாமல் இருக்கும். டாப் பில்டரில் மட்டும் நான் பஞ்சை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன், தினமும் கண்ணில் படும், அழுக்கானதும் எடுத்துப்போட்டுப் புதிது வைக்கலாம்.

கார்பன், அதாவது கறுப்புக் கரித்துண்டு, பல பெட்டிகளில் ஒரு பாக்கெட் வரும். மருந்து போட்ட பிறகு அதை நீக்கவும், மரக்கட்டை விடும் மஞ்சள் நிறத்தை எடுக்கவும் நல்லது. சில வாரங்களில் அதன் சக்தி தீர்ந்துவிடும். மருந்து போடும் நாட்களில் உள்ளே இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும். சாதாரண நாட்களில் அந்த இடத்தை இன்னும் ஒரு பிடி வளையத்துக்குக் கொடுப்பதே மேல்.

பெயர் பெற்ற விலை உயர்ந்த வளையம்தான் வேண்டும் என்றில்லை. சாதாரண ஸ்பாஞ்சே பாக்டீரியாவுக்கு மிக நல்ல இடம். காசு குறைவாக இருந்தால் முழுவதும் ஸ்பாஞ்சாகவே நிரப்புங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி வைக்க நினைத்தால், சோப்போ கிருமிநாசினியோ தடவாததுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 6: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். மீடியா இடத்தைக் கண்ணால் பாருங்கள். மோட்டாரின் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழலியை, கழற்றிப் பாருங்கள், அதன் நடுத்தண்டு செராமிக்காக இருந்தால் நல்லது. உதிரிபாகம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்: இம்பெல்லர், ஓ ரிங், ரப்பர் கப். இவை கிடைக்காத பில்டர் ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக முழுசாகக் குப்பைக்குப் போகும்.

வாட் எவ்வளவு என்று பார்க்க மறக்காதீர்கள், ஏனென்றால் இது வருடத்தில் ஒரு மணி நேரம்கூட ஓயாமல் ஓடப்போகும் கருவி. 5 வாட் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் 7 யூனிட் சொச்சம். 35 வாட் என்றால் 50 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் ஒரு நல்ல பங்கைத் தொட்டியே எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அதற்காக இரவில் அணைத்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அது பாக்டீரியாவைக் கொல்லும். குறைந்த வாட்டில் அதிக மீடியா தரும் பில்டரைத் தேடுங்கள்.

ஏர் பம்ப் வாங்கினால் கூடவே ஒரு நான் ரிட்டர்ன் வால்வும் வாங்குங்கள், விலை மிகக் குறைவு. கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி பம்புக்குள் இறங்குவதை அது தடுக்கும். இல்லையென்றால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

படி 7: மாட்டுவது, பழக்குவது

மின்வயர் பிளக்குக்கு நேராக இறங்காமல், பிளக்கைவிடத் தாழ ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறும்படி விடுங்கள். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணையுங்கள், வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் தொட்டி வாங்கும் காசில் முதலில் அதைப் போடுங்கள். இதில் நான் சமரசமே செய்ய மாட்டேன், குழந்தைகள் கைவிடும் இடம் அது.

புது பில்டரில் பாக்டீரியா கிடையாது. அது வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீன் விடாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, டெஸ்ட் கிட் வைத்து அம்மோனியா ஏறி, இறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கி, கடைசியில் இரண்டுமே பூஜ்ஜியத்தில் நிற்கும்வரை காத்திருப்பதுதான் முறையான வழி. குறுக்குவழி ஒன்று உண்டு, நல்ல வழியும்கூட: நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குள் வையுங்கள். வாரங்கள் கணிசமாகக் குறையும். பழைய பில்டரை மாற்றுபவர்கள் பழையதை உடனே கழற்றாமல் புதியதோடு சேர்த்து ஒரு மாதமாவது ஓட விடுங்கள்.

படி 8: கழுவுவது

இங்கேதான் நான் ஒரு தொட்டி மீனை இழந்தேன். பல வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று வரும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன், வளையங்களையும் அலசினேன், கூடவே முக்கால் தொட்டித் தண்ணீரையும் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஏஞ்சல் மீன்களில் ஐந்து போய்விட்டன. குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் பாக்டீரியாவை அழித்துவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் அந்த மீன்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் ஸ்பாஞ்சை நான்கைந்து முறை மெதுவாகப் பிழியுங்கள், பழுப்பு நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். ஸ்பாஞ்சும் வளையமும் ஒரே நாளில் வேண்டாம். வளையத்தை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அலசினால் போதும். தொட்டிக்கு ஊற்றும் புதுத் தண்ணீர் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ எதுவானாலும் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்து விட்டபிறகே ஊற்றுங்கள். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும்.

கரண்ட் போனால்

இதை யோசிக்காமல் நம் ஊரில் பில்டர் வாங்கவே கூடாது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற பாக்டீரியாவுக்கு சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும், அவ்வளவு பசி. தண்ணீரிலோ, 25 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.2 மில்லிகிராம் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் மே மாதத்து 32 டிகிரியில் 7.3 ஆகிவிடும். ஓட்டம் நின்றதும் மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் ஆக்ஸிஜனை பாக்டீரியா வேகமாகத் தீர்த்துவிடும், சில மணி நேரத்தில் உள்ளே அழுக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் போனால், சுவிட்சைப் போடும் முன் கேனிஸ்டரில் நிற்கும் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். நாற்றம் அடித்தால் கட்டாயம் செய்ய வேண்டும்.

ஸ்பாஞ்ச் பில்டருக்கு இந்தத் தொல்லை குறைவு, அது தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திறந்து நிற்கிறது. சார்ஜ் ஏற்றி வைக்கும் பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் அதை மாட்டி ராத்திரி முழுக்க ஓட்டிவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மழைக்காலம் வரும் முன்னே ஒரு பேட்டரி பம்பை வாங்கிப் பரிசோதித்து வையுங்கள். கேனிஸ்டர் வைத்திருந்தாலும் தொட்டியின் மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள், ஆரோக்கியமான பெரிய மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும்.

கரண்ட் வந்த பிறகு பில்டர் ஓடவில்லை, அல்லது கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் மோட்டார் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஹேங் ஆன் வகையில் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும், பெட்டியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். கேனிஸ்டரில் காற்று அடைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேசாகச் சாய்த்து ஆட்டினால் குமிழி வெளியேறும். அப்படியும் சரியாகவில்லையென்றால் இம்பெல்லரைக் கழற்றி, அது இருக்கும் குழிக்குள் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்து, தண்டில் சுற்றியிருக்கும் முடியையும் நத்தை ஓட்டையும் எடுத்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.